நடுவழியில் வீடு திரும்பியவர்கள்

1955 ஜனவரி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் என்ற நகரம். மகன் வீட்டில் தங்கியிருந்த 67 வயதுப் பாட்டி ஒருவர் தினமும் தெருவில் இறங்கி, அந்த வீட்டு வரிசையை ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். சில நாள் கழித்து ஒரு சுற்று இரண்டாயிற்று. காலில் வலி தெரியத் தெரிய இன்னும் கொஞ்சம் தூரம் கூட்டினார். ஏப்ரல் வாக்கில் நாளொன்றுக்குப் பத்து மைல் நடந்துகொண்டிருந்தார். பார்த்தவர்கள், வயதான காலத்தில் உடம்புக்கு நல்லதென்று நடக்கிறார் என்று நினைத்திருக்கலாம். எம்மா கேட்வுட் எதற்காக நடக்கிறார் என்பது அவர் பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. ஆறு மாதத்துக்கு முன்பு அவர் எங்கே போய், எப்படித் தோற்றுத் திரும்பினார் என்பதும் தெரியாது.

அவர் போன இடம் மேய்ன் மாநிலத்துக் கடாடின் மலை. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் 14 மாநிலங்களைத் தொட்டுக்கொண்டு செல்லும் அப்பலாச்சியன் மலைப்பாதையின் வடக்கு முனை அது. இன்றைய கணக்கில் பாதையின் நீளம் ஏறத்தாழ 2,190 மைல், அதாவது 3,500 கிலோமீட்டர். ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, 1954 ஜூலையில் தன்னந்தனியாக அங்கே போய் இறங்கினார் கேட்வுட். சில நாளிலேயே வழி தவறியது. மூக்குக் கண்ணாடி உடைந்தது. கையில் இருந்த உணவு கரைந்தது. ஒருவழியாகக் கண்டுபிடித்த வனக் காவலர்கள், வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள். அவரும் போனார். வாயைத் திறக்கவில்லை.

நெடுநடைக்காரர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கிளம்பிய நாளையும் போய்ச் சேர்ந்த நாளையும் எழுதுவார்கள். நடுவில் வீட்டில் கழித்த மாதங்களை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். பாதியில் வீடு திரும்புவது ஏதோ தோல்வி, அதைப் பேசாமல் இருப்பதே மரியாதை என்ற எண்ணம் இதற்குக் காரணம். இந்தப் பாதையின் நூறாண்டுக் கதையைப் பார்த்தால் நிலைமை நேர்மாறாக இருக்கிறது. ஒரே மூச்சில் நடந்து முடிப்பது பின்னால் வந்த பழக்கம். கொஞ்சம் நடந்து, வீட்டுக்கு வந்து, மறுபடி போய் விட்ட இடத்தில் தொடர்வதுதான் மூத்தது.

பாதையைக் கனவு கண்டவர் பென்டன் மெக்கே. வனவியல் படித்தவர், திட்டமிடுதலில் நாட்டம் கொண்டவர். 1921 ஏப்ரலில் அவர் மனைவி தற்கொலை செய்துகொண்டார். பெண்களின் வாக்குரிமைக்கும் உலக அமைதிக்கும் உழைத்த பெண்மணி அவர். இடிந்துபோன மெக்கேயை நண்பர் ஒருவர் நியூ ஜெர்சியில் இருந்த தன் பண்ணைக்கு அழைத்துக்கொண்டார். அந்த நண்பர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்து இதழின் ஆசிரியர். துக்கத்தின் நடுவே எழுதிய மெக்கேயின் கட்டுரை அதே ஆண்டு அக்டோபரில் அந்த இதழிலேயே வெளியானது. மலை முகடுகளின் மேல் வடக்கிலிருந்து தெற்குவரை ஒரு நடைபாதை போட வேண்டும் என்றது கட்டுரை.

யாருக்காக? தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் ஆண்டெல்லாம் அடைபட்டுக் கிடக்கும் நகரத்து மனிதருக்காக. ஆண்டில் ஓரிரு வாரம் கிடைக்கும் ஓய்வை மலைக்காற்றில் கழித்துவிட்டுத் திரும்ப வேண்டியவருக்காக. வழியெங்கும் தங்கும் குடில்கள், கூடிவாழும் முகாம்கள், உணவு விளைவிக்கும் பண்ணைகள் என்று மெக்கே விரித்துக்கொண்டே போனார். பாதையை முழுவதும் ஒருவர் ஒரே தவணையில் நடந்து தீர்க்க வேண்டும் என்பது அவர் எண்ணத்திலேயே இல்லை. நடப்பவர் திரும்பிப் போக ஒரு வீடும் வேலையும் இருக்கிறது என்பதே அந்தத் திட்டத்தின் அடித்தளம்.

கனவைத் தரைக்குக் கொண்டுவந்தவர் வேறொருவர். காலில் சக்கரம் கட்டிக்கொண்டவர் என்று நாம் சிலரைச் சொல்வோம். மைரன் ஏவரி கையிலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்தவர். சைக்கிள் சக்கரம் ஒன்றில் தூரம் காட்டும் கருவியைப் பொருத்தி, காடும் மேடும் பாறையும் தாண்டித் தள்ளிக்கொண்டே போய், பாதையை மைல் மைலாக அளந்தார். மேய்ன் மாநிலக் கடலோர ஊரான லூபெக்கில் பிறந்த அவர், வாஷிங்டனில் கப்பல் சட்டம் பார்க்கும் அரசு வழக்கறிஞர். 1931 முதல் 1952 வரை பாதையைக் கவனித்துக்கொண்ட அமைப்பின் தலைவராகவும் இருந்தார். வார நாளில் அலுவலகம், வார இறுதியிலும் விடுமுறையிலும் காடு. இப்படித் துண்டு துண்டாக நடந்தே 1936இல் பாதை முழுவதையும் முடித்த முதல் மனிதர் ஆனார். எத்தனை முறை வீட்டுக்குப் போய் வந்தார் என்று யாரும் எண்ணவில்லை. எண்ணத் தோன்றவும் இல்லை.

மெக்கேயும் ஏவரியும் ஒத்துப்போகவில்லை. முகடுகளின் மேல் அரசாங்கம் கார்ச் சாலை போட முன்வந்தபோது மெக்கே எதிர்த்தார். முதலில் பாதை முழுமையாகட்டும், சண்டை பிறகு என்றார் ஏவரி. 1930களின் நடுவில் இருவரும் பிரிந்துபோனார்கள். 1937 ஆகஸ்ட் 14 அன்று மேய்னில் ஸ்பால்டிங், சுகர்லோஃப் மலைகளுக்கு நடுவே கடைசித் துண்டு வெட்டி முடிக்கப்பட்டது. வெட்டியவர்கள், பொருளாதார மந்தத்தின்போது வேலையில்லாத இளைஞர்களுக்காக அரசு அமைத்த பணிப் படையினர். மறு ஆண்டே பெரும்புயல் வந்து நியூ இங்கிலாந்துப் பகுதியைக் கலைத்துப்போட்டது. பிறகு போர் வந்தது. பாதையில் புல் முளைத்தது.

போர் முடிந்து வீட்டுக்கு வந்தும் வீடு பொருந்தாமல் போன ஒருவர்தான் கதையைத் திருப்பினார். பென்சில்வேனியாவின் யார்க் பகுதியைச் சேர்ந்த ஏர்ல் ஷாஃபர், நான்கு ஆண்டுக்கு மேல் ராணுவத்தில் இருந்தவர், அதில் பாதிக்கு மேல் பசிஃபிக் போர்முனையில். போருக்கு முன் வால்டர் வைன்மில்லர் என்ற நண்பரோடு காடு மேடெல்லாம் சுற்றியவர். இருவரும் சேர்ந்து ஒருநாள் அந்த நெடும்பாதையை நடப்பது என்று பேச்சு. வைன்மில்லர் 1945இல் இவோ ஜிமா தீவில் கொல்லப்பட்டார். ஊர் திரும்பிய ஷாஃபருக்கு எதிலும் இருப்புக் கொள்ளவில்லை. ராணுவத்தை உடம்பிலிருந்து நடந்தே வெளியேற்றப் போகிறேன் என்று கிளம்பினார்.

1948 ஏப்ரல் 4 அன்று ஜார்ஜியாவில், அப்போது பாதையின் தெற்கு முனையாக இருந்த ஓகல்தார்ப் மலையில் தொடங்கினார். கையில் சாலை வரைபடங்கள்தான் இருந்தன. ஆகஸ்ட் 5 அன்று கடாடின் உச்சியில் நின்றார். கணக்கு 124 நாள். ஒரே பருவத்தில் ஒருவர் முழுப் பாதையையும் நடக்க முடியும் என்று அதுவரை அமைப்பினர் நம்பவில்லை. நாட்குறிப்பையும் புகைப்பட வில்லைகளையும் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். அந்த நாட்குறிப்பு இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காப்பகத்தில் இருக்கிறது.

ஷாஃபர் முடித்த அன்றே புதிய அளவுகோல் பிறந்துவிட்டது. அதன்பின் முழு நடை என்றாலே ஒரே மூச்சு நடை என்று ஆகிவிட்டது. துண்டு துண்டாக நடப்பவர் இரண்டாம் தரம் என்ற எண்ணமும் மெல்ல வந்து ஒட்டிக்கொண்டது. ஷாஃபருடைய வாழ்க்கையோ வேறு மாதிரி. 1965இல் எதிர்த் திசையில், வடக்கிலிருந்து தெற்காக, 99 நாளில் மறுபடி நடந்தார். மூன்றாவது முறை 1998இல், 79 வயதில். எண்பதாவது பிறந்தநாளுக்குச் சில வாரம் முன்பு முடித்தார். முதல் நடைக்கும் இரண்டாவதற்கும் நடுவே 17 ஆண்டு, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே 33 ஆண்டு அவர் வீட்டில் இருந்தார். முதல் நடையைப் பற்றிய அவருடைய புத்தகம் பதிப்பாகி வெளிவந்தது 1983இல். நடந்தது நான்கு மாதம், அதை எழுதி உலகுக்குக் கொடுக்க 35 ஆண்டு.

இனி டேட்டன் நகரத்துக்குத் திரும்பலாம்.

கேட்வுட்டுக்கு வீடு என்பது இனிய சொல்லாக இருந்ததில்லை. 11 பிள்ளைகள் பெற்றவர். கணவரிடம் பல்லும் விலா எலும்பும் உடையும் அளவுக்கு அடிபட்டவர். பிள்ளைகளை வளர்த்து, 1940களின் தொடக்கத்தில் விவாகரத்து வாங்கி வெளியே வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றில் வாரம் 25 டாலருக்கு வேலை பார்த்துக் காசு சேர்த்தார். மாதம் 52 டாலர் ஓய்வூதியம் கிடைக்கும் தகுதி வந்ததும் வேலையை விட்டார். மேய்னில் தோற்ற பிறகு வந்த குளிர்காலத்தை அவர் வீணாக்கவில்லை. அந்தத் தெருச் சுற்றுகளுக்கு நடுவேதான் அவருடைய புகழ்பெற்ற மூட்டை முடிச்சும் தயாரானது. ஜீன்ஸ் துணியில் அவரே தைத்து, வாயில் கயிறு கோத்த பை. அதைத் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளலாம். உள்ளே ஒரு போர்வை, மழைக் கோட்டு, குளியலறைத் திரைச்சீலையான ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. மழை வந்தால் அதுவே கூரை. கூடாரம் இல்லை, தூங்கும் பை இல்லை. காலில் கெட்ஸ் கேன்வாஸ் ஷூ. தின்ன உலர்திராட்சை, வேர்க்கடலை, டப்பாவில் அடைத்த சின்னச் சாசேஜ்.

1955 மே 3 அன்று, இம்முறை தெற்கு முனையிலிருந்து தொடங்கினார். வெளியே நடக்கப் போகிறேன் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். வர்ஜீனியாவில் ஒரு நிருபர் கண்டுபிடித்து எழுதிய பிறகுதான் அம்மா எங்கே இருக்கிறார் என்று குடும்பத்துக்குத் தெரிந்தது. செப்டம்பர் 25 அன்று கடாடின் ஏறினார், 146 நாளில். பாதை முழுவதையும் தனியாக ஒரே பருவத்தில் நடந்த முதல் பெண் அவர்.

1957இல் மறுபடி நடந்தார். 1959இல் மிசௌரியிலிருந்து ஒரெகன் மாநிலத்துப் போர்ட்லண்ட்வரை, பழைய குடியேறிகள் வண்டி கட்டிப் போன வழியில் சுமார் 2,000 மைல் நடந்தார். அப்பலாச்சியன் பாதையை மூன்றாவது முறை 1964இல் முடித்தபோது வயது 76. மூன்று முறை முடித்த முதல் ஆள் அவர்தான், ஆண் பெண் இருபாலிலும். அந்த மூன்றாவது முறையை அவர் ஒரே மூச்சில் நடக்கவில்லை. பகுதி பகுதியாக நடந்து, நடுநடுவே ஒஹையோவுக்கு வந்து போனார். முதல் முறை தோற்றுப்போய் ஒளித்துவைத்த வீடு திரும்பல், பத்தாண்டில் அவருக்கு இயல்பான முறையாகிவிட்டது. ஊரில் இருந்த காலத்திலும் சும்மா இருக்கவில்லை. ஒஹையோவுக்குள்ளேயே மாநிலத்தைச் சுற்றிவரும் பக்கை நடைபாதையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வெளியே போகாத நாளுக்கு வீட்டருகிலேயே ஒரு வழியை வெட்டிக்கொண்டார் என்று சொல்லலாம்.

கேட்வுட்டுக்கு மூன்று ஆண்டு முன்பு, 1952இல், மில்ட்ரெட் நார்மன் என்ற பெண்மணி ஒரு துணையோடு பாதை முழுவதையும் நடந்திருந்தார். தெற்கிலிருந்து பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆறுவரை நடந்துவிட்டு, பிறகு வடக்கு முனைக்குப் போய் அங்கிருந்து ஆற்றை நோக்கித் திரும்பி நடந்தார்கள். முடித்தபின் அவர் எடுத்த முடிவு வேறு எவரும் எடுக்காதது. 1953 ஜனவரி 1 அன்று கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், ‘பீஸ் பில்கிரிம்’ என்று பெயர் எழுதிய மேல்சட்டையோடு உலக அமைதிக்காக நடக்கத் தொடங்கினார். வீடும் காசும் வைத்துக்கொள்ளவில்லை. யாராவது இடம் கொடுத்தால் தங்குவார், சோறு கொடுத்தால் உண்பார். 25,000 மைலோடு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார். 1981 ஜூலையில் இண்டியானாவில், கூட்டமொன்றில் பேசுவதற்காகக் காரில் அழைத்துச் செல்லப்பட்டபோது விபத்தில் இறந்தார். வீடு திரும்பிப் பழகிக்கொள்ள வேண்டிய சிக்கலே அவருக்கு எழவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை 28 ஆண்டு.

மற்றவர்கள் திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது, அவர்கள் தொகையும் பெருகிக்கொண்டே போனது. 1968 அக்டோபரில் தேசிய நடைபாதைச் சட்டம் வந்து பாதைக்கு அரசுக் காப்பு கிடைத்தது. எட் கார்வி என்ற ஓய்வுபெற்ற அரசு ஊழியர் 1970இல் நடந்து, மறு ஆண்டு எழுதிய புத்தகம் கையேடு போலப் பரவியது. 1969வரை மொத்தப் பாதையையும் முடித்ததாகப் பதிவானவர்கள் 59 பேர். 1970களில் மட்டும் எழுநூறுக்கு மேல். ஆள் பெருகியதும் பேச்சும் பெருகியது. ஒரு மைலும் நடக்காத நாளுக்கு ‘ஜீரோ’ என்று பெயர். கொஞ்சமே நடந்த நாள் ‘நீரோ’. முழுதாக நடப்பவர் ‘த்ரூ ஹைக்கர்’, துண்டு துண்டாக நடப்பவர் ‘செக்‌ஷன் ஹைக்கர்’. பாதையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர். ஐந்து மாதம் கூடவே நடந்தவருக்குக்கூட உண்மைப் பெயர் தெரியாமல் போகும்.

பாதையில் இருக்கும்போதே வீடு அவர்களைத் தேடி வந்தது. ஊரில் இருக்கும் தாயோ துணையோ அரிசி, ஓட்ஸ், காலுறை எல்லாம் பெட்டியில் கட்டி, வழியில் உள்ள சிற்றூர்த் தபால் நிலையத்துக்கு அனுப்பிவைப்பார்கள். நடப்பவர் மலையிறங்கி வந்து, அடையாளம் காட்டி வாங்கிக்கொள்வார். பாதையைத் தொட்டு நிற்கும் ஊர்களும் இடைக்கால வீடுகளாக மாறின. வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் ஊரில் முதன்மைத் தெரு வழியாகவே பாதை போகிறது. 1987 முதல் அங்கே மே மாதத்தில் நடைக்காரர் திருவிழா நடக்கிறது. பாதையில் எங்கே இருந்தாலும் அந்த மூன்று நாளுக்கு வண்டி பிடித்து வந்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. பென்சில்வேனியாவில், பாதையின் நடுப்புள்ளியை ஒட்டிய பைன் குரோவ் ஃபர்னஸ் பூங்காக் கடையில் இன்னொரு சடங்கு. அரை காலன், அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர் ஐஸ்கிரீமை ஒரே அமர்வில் தின்று முடிக்க வேண்டும். பாதி தூரம் வந்த உடம்புக்கு அது பெரிய காரியமாகத் தெரிவதில்லை.

அந்தப் பசிதான் வீட்டில் முதலில் வம்புக்கு வருவது.

முதுகில் பதினைந்து கிலோ சுமையோடு நாளுக்கு 15, 20 மைல் மலை ஏறி இறங்குகிறவருக்கு 4,000 முதல் 6,000 கலோரி செலவாகும் என்பது பொதுவான கணக்கு. சுமக்கிற உணவில் அவ்வளவும் கிடைக்காது. எனவே மூன்றாவது, நான்காவது வாரத்திலிருந்து ஓயாத பசி. முழங்கால் வீங்கியோ, பணம் தீர்ந்தோ, தங்கை கல்யாணத்துக்கோ நடுவில் வீட்டுக்கு வந்தவருக்குக் கால் நின்றுவிடும், பசி நிற்காது. மூன்று வேளைச் சாப்பாட்டை ஒரு வேளையில் முடித்துவிட்டு அடுப்படியைப் பார்ப்பார். காலோ அதற்குள் இறுகிப்போயிருக்கும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் பத்தடி வைப்பதற்குள் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கும். நாளெல்லாம் நடந்து பாதம் அகன்றிருப்பதால், பீரோவுக்கு அடியில் விட்டுப்போன பழைய ஷூ நுழையாது. மெத்தை அதிகம் மெத்தென்று இருப்பதாகத் தோன்றி, தரையில் விரிப்பைப் போட்டுக்கொள்பவர்கள் பலர். இரவு ஒன்பது மணிக்குக் கண் சொருகும். பாதையில் அதற்கு ‘நடைக்காரரின் நள்ளிரவு’ என்று பெயர். வீட்டில் அப்போதுதான் மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுப் பேச உட்காருவார்கள்.

உடம்பு இரண்டு மூன்று வாரத்தில் சொன்னபடி கேட்கும். மனம் அவ்வளவு எளிதில் வழிக்கு வராது. பாதையில் கேள்விகள் குறைவு. அடுத்த தண்ணீர் எங்கே, இருட்டுவதற்குள் எந்தக் குடில், நாளை மழை வருமா. மரத்துக்கு மரம் இரண்டு அங்குல அகலம், ஆறு அங்குல உயரத்தில் அடித்த வெள்ளைக் கோடு, போகும் திசையைச் சொல்லிக்கொண்டே வரும். வீட்டில் யாரும் கோடு போட்டுவைக்கவில்லை. தொலைபேசிக் கட்டணம், காப்பீட்டுத் தாள், பதில் போடாத கடிதங்கள். முதுகுப்பையில் ஒரு மாற்றுச் சட்டையோடு மூன்று மாதம் இருந்தவர், அலமாரியைத் திறந்து இருபது சட்டைகளைப் பார்த்து நிற்பார். பாதையின் பட்டப்பெயரில் கூப்பிட வீட்டில் ஆளில்லை. வீட்டிலிருப்பவர்களுக்கும் வருத்தம் உண்டு. இவர் இல்லாத மாதங்களில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு வரிசையைப் பழகிக்கொண்டிருப்பார்கள். வந்தவர் அதற்குள் நுழைய இடம் தேடுவார். வந்ததிலிருந்து மலையைப் பற்றியே பேசுகிறாயே என்று நான்காம் நாள் யாராவது சொல்லிவிடுவார்கள்.

இந்த நிலையை நகைச்சுவையோடு உலகறியச் செய்தவர் எழுத்தாளர் பில் பிரைசன். இங்கிலாந்தில் பல ஆண்டு இருந்துவிட்டு, நியூ ஹாம்ப்ஷயரின் ஹனோவரில் குடியேறியிருந்தார். அப்பலாச்சியன் பாதை அந்த ஊர்த் தெரு வழியாகவே போகிறது. 1996 மார்ச்சில் ஜார்ஜியாவிலிருந்து தொடங்கினார். கூட வந்தவர், புத்தகத்தில் காட்ஸ் என்று பெயர் மாற்றப்பட்ட பழைய நண்பர். இருவரும் நடுநடுவே வண்டியேறித் தாண்டி, வர்ஜீனியாவின் ஃபிரன்ட் ராயல்வரை வந்து, பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். ஆகஸ்டில் மேய்னில் மறுபடி சேர்வதாக ஏற்பாடு.

இடையில் பிரைசனுக்கு வீட்டில் இருக்கவும் முடியவில்லை, பாதையை விடவும் மனமில்லை. காரை எடுத்துக்கொண்டு பாதையின் ஏதாவது ஒரு துண்டுக்குப் போவார். கொஞ்ச தூரம் நடப்பார். கார் நிற்கும் இடத்துக்குத் திரும்ப வேண்டுமே, வந்த வழியே திரும்பி நடப்பார். ஒவ்வொரு துண்டும் இரண்டு முறை, ஆனால் கணக்கில் ஒரு முறைதான். கடைசியில் மேய்னின் நூறு மைல் காட்டில் காட்ஸ் வழி தவறிப்போக, இருவரும் பாதியில் விட்டுவிட்டு வெளியே வந்தார்கள். பிரைசன் நடந்தது மொத்தம் 870 மைல், பாதையில் 39.5 சதவீதம். 1998இல் வந்த அவருடைய ‘எ வாக் இன் த வுட்ஸ்’ இந்தப் பாதையைப் பற்றி மிக அதிகம் பேர் படித்த நூல்களில் ஒன்று. முடிக்காதவர் எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டு, முடிக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் கிளம்பினார்கள்.

பிறகு ஒரு வசந்தத்தில் எல்லோருமே ஒரே நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2020 மார்ச், வடக்கு நோக்கி நடப்பவர்கள் தெற்கு முனையில் திரளும் மாதம். கொரோனா பரவத் தொடங்கியதும், பாதையைப் பராமரிக்கும் அப்பலாச்சியன் டிரெயில் கன்சர்வன்சி மாத மத்தியில் ஓர் அறிவிப்பு விடுத்தது. கிளம்பாதவர்கள் கிளம்ப வேண்டாம், கிளம்பியவர்கள் வீடு திரும்புங்கள். குடில்களில் பத்துப் பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுப்பார்கள். சோப்பு, தண்ணீர் கிடையாது. மலையிறங்கும் சிற்றூர்களில் பெரிய மருத்துவமனையும் கிடையாது. காரணம் எல்லோருக்கும் புரிந்தது. ஆனால் வேலையை விட்டு, வாடகை வீட்டைக் காலி செய்து, பொருளை எல்லாம் கிடங்கில் போட்டுவிட்டு வந்தவர்களுக்குத் திரும்ப வீடே இல்லை. பெற்றோர் வீட்டுக் கூடத்திலும் நண்பர் வீட்டுச் சோபாவிலும் ஒண்டிக்கொண்டார்கள். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்குப் பகுதியில் 430 மைல் பாதையைச் சிதைத்தபோதும் பலருக்கு இதே கதி.

இப்படி நடுவில் அறுந்துபோன நடைகளை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற கேள்விக்கு அந்த அமைப்பிடம் பழைய விடை ஒன்று உண்டு. பாதை முழுவதையும் நடந்தவருக்கு ‘இரண்டாயிரம் மைல்காரர்’ என்று சான்று கொடுக்கிறார்கள். எந்தத் திசையில், எந்த வரிசையில், எவ்வளவு வேகத்தில் நடந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. ஓர் ஆண்டில் முடித்தாலும் முப்பது ஆண்டில் முடித்தாலும் சான்று ஒன்றுதான். சாட்சி கேட்பதில்லை, விண்ணப்பித்தவரின் சொல்லே போதும். அந்தப் பட்டியலில் முதலில் இருக்கும் பெயர் மைரன் ஏவரி. சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நடந்து, விடுமுறை முடிந்ததும் அலுவலகம் திரும்பியவர்.